பெட்டி போய்ச் சேர வேண்டும்: ஆர்.எம்.வீ.யும் சத்யா மூவிஸும்

பிலிம் காலத்தில் ஒரு படத்தின் தலையெழுத்து ரிலீஸுக்கு முந்தின இரவு, பிலிம் கழுவிப் பிரதி எடுக்கிற லேபில்தான் முடிவாகும். பிரதிகள் கழுவிக் காய்ந்து தகரப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் பெட்டி வெளியே போகாது. தயாரிப்பாளர் கடன் வாங்கும்போது பைனான்சியருக்கு ஒரு கடிதம் கொடுத்திருப்பார். லேபும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கும். 'பாக்கி தீரும்வரை பிரதியை யாரிடமும் ஒப்படைக்க மாட்டோம்' என்பதுதான் அந்த லேப் லெட்டரின் சாரம். விநியோகஸ்தர் கடைசித் தவணையைக் கொண்டுவர வேண்டும், தயாரிப்பாளர் அதை அப்படியே பைனான்சியரிடம் கட்ட வேண்டும், பைனான்சியர் 'கிளியர்' என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பெட்டி லாரியிலோ ரயிலிலோ ஏறும். மறுநாள் காலை பத்து மணிக்கு மதுரையிலோ சேலத்திலோ கொட்டகை வாசலில் நிற்கிற கூட்டத்துக்கு இது எதுவும் தெரியாது. அது கேட்பது ஒரே கேள்வி: 'பெட்டி வந்தாச்சா?'

இந்த இரவைத் தடுமாறாமல் கடக்கத் தெரிந்தவரைத்தான் கோடம்பாக்கம் தயாரிப்பாளர் என்று மதித்தது. பணம் போடுகிறவர்கள் நிறையப் பேர் வந்தார்கள், ஒரு படத்தோடு போனார்கள். ஆர்.எம்.வீரப்பன் பணத்தோடு வந்தவர் அல்ல. திராவிட இயக்கத்திலிருந்து வந்தவர். அவர் கொண்டுவந்த மூலதனம் நிர்வாகம். அவருடைய அரசியலைப் பற்றி எழுதியவர்கள் 'சாணக்கியர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சினிமாவைப் பற்றி எழுதியவர்கள் 'எம்.ஜி.ஆரின் வலது கரம்' என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் அவர் செய்தது ஒரே வேலை. அது என்ன வேலை என்பது படத்தயாரிப்பின் உள்கணக்கு தெரிந்தால்தான் பிடிபடும்.

1926 செப்டம்பர் 9ஆம் தேதி புதுக்கோட்டைச் சீமையில் வல்லத்திராகோட்டையில் பிறந்தவர். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். இளம் வயதிலேயே ஈரோட்டில் பெரியாரிடம் இருந்தார். பிறகு அண்ணாவின் பக்கம் வந்தார். கே.ஆர்.ராமசாமி நடத்திய கிருஷ்ணன் நினைவு நாடக சபாவில் நிர்வாக வேலை பார்த்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என்.எஸ்.கிருஷ்ணன் சிறையிலிருந்தபோது அவர் பெயரால் தொடங்கிய சபா அது. அண்ணாவின் 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம் மேடையேறியது அதில்தான்.

நாடக சபா நிர்வாகி என்றால் என்ன வேலை? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. ஒரு குழு ஓர் ஊரில் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் முகாம் போடும். நடிகர், பின்பாட்டுக்காரர், சீன் தூக்குகிறவர், சமையல்காரர் என்று அத்தனை பேருக்கும் மூன்று வேளை உலை வைக்க வேண்டும். கொட்டகைக்கு முன்பணம் கட்ட வேண்டும். தட்டி, நோட்டீஸ், ஒலிபெருக்கி வண்டி என்று விளம்பரம் ஒரு பக்கம். மழை வந்தால் வசூல் இல்லை, ஆனால் உலை எரியத்தான் வேண்டும். இரவு நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புவாரியாக டிக்கெட் அடிக்கட்டையை எண்ணி, கையிலிருக்கும் காசோடு ஒத்துப்பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் வாசலில் யாரோ டிக்கெட் இல்லாமல் ஆள் விடுகிறார் என்று அர்த்தம். எண்ணிக்கை சரியாக இருந்தும் வசூல் இறங்கினால் நாடகம் அந்த ஊருக்குப் பழசாகிவிட்டது, மூட்டை கட்ட வேண்டிய நேரம். எந்த வசனத்துக்கு ஊர் கைதட்டுகிறது, எந்தப் பாட்டில் ஆள் எழுந்து பீடி குடிக்கப் போகிறான் என்பதை ராத்திரிக்கு ராத்திரி பார்த்துக்கொண்டே இருக்கிற இடம் அது. கதை ஞானம் வேறு, கணக்கு ஞானம் வேறு என்று அங்கே பிரிக்க முடியாது.

1953இல் எம்.ஜி.ஆரிடம் வந்து சேர்ந்தார். எம்.ஜி.ஆர். நாடக மன்றத்தின் நிர்வாகம், பிறகு எம்ஜியார் பிக்சர்ஸ். 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய படம். தயாரிப்பும் அவரே, இரட்டை வேடமும் அவரே. இப்படி ஒரே ஆள் மூன்று பொறுப்பைச் சுமக்கும்போது என்ன கெடும் என்பது சினிமாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். இயக்குநர் 'இன்னொரு டேக்' என்பார். அதைத் தடுக்க வேண்டிய தயாரிப்பாளரும் அவரே என்பதால் தடுக்க ஆளிருக்காது. 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரோல் ஒன்று பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். 'நாடோடி மன்னன்' மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம். திரையில் வந்த பகுதிக்கே ஒரு பிரதிக்கு 19,000 அடிக்கு மேல் பிலிம் வேண்டும். எடுத்தது அதைப்போலப் பல மடங்கு. பிற்பகுதி வண்ணத்தில் வேறு. அந்தப் படத்தின் கதை இலாகாவில் இருந்த மூன்று பெயர்களில் ஒன்று ஆர்.எம்.வீரப்பன். கதைப் பேச்சில் உட்கார்ந்தவரே செலவுச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். எழுதும்போதே 'இந்தக் காட்சிக்கு எத்தனை துணை நடிகர், எத்தனை குதிரை, எத்தனை நாள்' என்று மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறவர் கதை இலாகாவில் இருப்பது அபூர்வம்.

1963இல் சத்யா மூவிஸ் தொடங்கியது. எம்.ஜி.ஆரின் தாயார் சத்யபாமா பெயரிலிருந்து எடுத்த பெயர். முதல் படம் 1964இல் 'தெய்வத்தாய்'. பி.மாதவன் இயக்கம். வசனத்துக்கு அப்போது அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டுவந்த கே.பாலசந்தரை அழைத்தார்கள். எம்.ஜி.ஆர். படத்துக்கு ஒரு சபா நாடகக்காரரை வசனம் எழுதக் கூப்பிடுவது அன்றைக்குத் துணிச்சலான காரியம். நாடகக் கொட்டகையில் வளர்ந்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். மேடையில் கைதட்டு வாங்குகிற வசனம் எது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்கப்புறம் 'நான் ஆணையிட்டால்' (1966), 'காவல்காரன்' (1967), 'கண்ணன் என் காதலன்' (1968), 'ரிக்‌ஷாக்காரன்' (1971), 'இதயக்கனி' (1975). எம்.ஜி.ஆரை வைத்துச் சத்யா மூவிஸ் எடுத்தது இந்த ஆறு படங்கள்தான். 1964 முதல் 1975 வரை ஆறே படம். எம்.ஜி.ஆர். பக்கத்திலேயே இருந்தவர், வருஷத்துக்கு இரண்டு எடுத்திருக்கலாமே என்று தோன்றும். எடுக்கவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறேன்.

காரணம் ஏரியா வியாபாரத்தில் இருக்கிறது. தமிழ்ப் பட விநியோகம் தமிழ்நாட்டைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறது. சென்னை நகரம் ஒன்று. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்தது என்.எஸ்.சி. அப்புறம் கோவை, சேலம். திருச்சி-தஞ்சை என்பது டி.டி., மதுரை-ராமநாதபுரம் எம்.ஆர்., திருநெல்வேலி-கன்னியாகுமரி டி.கே. இவை போக பெங்களூர், கேரளம், இலங்கை, மலேசியா-சிங்கப்பூர். மாவட்டங்கள் எத்தனையோ தடவை பிரிந்தும் வியாபாரத்தில் இந்தப் பழைய எல்லைகள் இன்றைக்கும் அழியவில்லை. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர். பூஜை அன்று ஒரு தவணை, படப்பிடிப்பின் நடுவே ஒரு தவணை, பெட்டி எடுக்கும்போது மீதி. எம்.ஜி.ஆர். படம் என்றால் பூஜைக்கு முன்பே ஏரியா போய்விடும். ஆக, தயாரிப்பாளர் கையில் புழங்குவதில் பெரும்பகுதி விநியோகஸ்தர் பணமும் பைனான்சியர் பணமும்தான்.

இதில் கெடுவது எங்கே? பெரும்பாலும் மினிமம் கேரண்டியில். 'படம் இவ்வளவு வசூலிக்கும்' என்று ஒரு தொகைக்கு விநியோகஸ்தர் முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிறார். வசூல் அதைத் தாண்டினால் இருவருக்கும் பங்கு. குறைந்தால் நஷ்டம் விநியோகஸ்தர் தலையில். நஷ்டப்பட்ட விநியோகஸ்தர் அடுத்த படத்துக்கு வரும்போது 'போன படத்தில் போனதை இதில் குறைச்சுக்கங்க' என்பார். மூன்று படம் அடுத்தடுத்து எடுக்கிற கம்பெனி, முதல் படத்தின் குழியை இரண்டாவதன் அட்வான்ஸால் மூடும், இரண்டாவதன் குழியை மூன்றாவதால் மூடும். ஒரு நாள் மூட மண் இருக்காது. பெயர்பெற்ற கம்பெனிகள் பல சாய்ந்தது இப்படித்தான், படம் மோசமாக இருந்ததால் அல்ல. ஒரு படத்தின் பெட்டி 'சி' சென்டர் எனப்படும் சிற்றூர்களில் கடைசி டூரிங் கொட்டகைவரை ஓடித் திரும்பி, கணக்கு முடிந்து, விநியோகஸ்தர் சிரித்த முகத்தோடு வரும்போது அடுத்த பூஜை போட வேண்டும். சத்யா மூவிஸ் படங்களுக்கு நடுவே தெரிகிற இடைவெளியை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

கொட்டகையில் பிரதிநிதி வைப்பதும் இதே நாடக சபாப் பாடம்தான். சினிமாக்காரர்கள் பேச்சில் 'ரெப்'. ஒவ்வொரு காட்சிக்கும் முதல் டிக்கெட் எண், கடைசி டிக்கெட் எண் குறித்து, தினசரி வசூல் சீட்டு எழுதி அனுப்புவார். டி.சி.ஆர். என்பார்கள். அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது வெறும் எண் இல்லை. எந்த ஊரில் பெண்கள் வகுப்பு நிரம்புகிறது, எங்கே இரண்டாவது வாரம் தரை டிக்கெட் சரிகிறது என்று ஏரியா ஏரியாவாக ஒரு வரைபடம் அதில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றங்களை ஒருங்கிணைத்த வேலையிலும் வீரப்பனுக்குப் பெரிய பங்குண்டு. எந்த ஊரில் மன்றம் இருக்கிறது, அதில் யார் உழைக்கிறார், யார் பேனரில் பேர் போட்டுக்கொள்கிறார் என்பது தெரிந்த ஒருவர் கையில் டி.சி.ஆரும் இருந்தால், 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கும்போது தொகுதிவாரியான கணிப்பு பாதி தயாராகிவிட்டது என்று அர்த்தம். மன்றங்கள் கிளைகளாக மாறின. தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் இதை ரசிகர்களின் உணர்ச்சி என்று மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள். உணர்ச்சி உண்மை. ஆனால் அதை ஊர் ஊராகப் பதிவேட்டில் ஏற்றிவைத்த உழைப்பும் உண்மை.

'காவல்காரன்' தனியாகச் சொல்ல வேண்டிய படம். 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. படம் பாதியில் நிற்கிறது. தயாரிப்பாளர் இடத்திலிருந்து பாருங்கள். எடுத்த நெகடிவ், அதாவது பிரதிகளுக்கு மூலமான பிலிம், லேபில் இருக்கிறது, அதன் மேல் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் வட்டி ஏறுகிறது. கதாநாயகி ஜெயலலிதாவின் கால்ஷீட் வீணாகிறது. அதே தேதிகள் வேறு படத்துக்குப் போய்விட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. போட்ட செட்டைக் கலைத்தால் மறுபடி அதேபோல் போட வேண்டும், கலைக்காவிட்டால் ஸ்டூடியோ தளத்துக்கு வாடகை. உடை, முடி அலங்காரம் எல்லாம் நின்ற இடத்திலிருந்து பொருந்த வேண்டும். இவையெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது ஒன்று இருந்தது: குரல்.

எம்.ஜி.ஆர். பிழைத்தார், ஆனால் பேச்சு முன்போல் இல்லை. இரண்டு வழிதான். ஒன்று, வேறொருவரை வைத்து வசனத்தை டப் செய்வது. படம் சுத்தமாக இருக்கும், ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எம்.ஜி.ஆர். இல்லை. இன்னொன்று, மாறிய குரலையே வைப்பது. அப்படிச் செய்தால் குண்டடிக்கு முன் பதிவான காட்சியில் ஒரு குரலும் அடுத்த காட்சியில் வேறு குரலும் கேட்கும். சினிமா இலக்கணப்படி அது பெரிய பிழை. இரண்டாவது வழியைத்தான் எடுத்தார்கள். 1967 செப்டம்பர் 7ஆம் தேதி படம் வந்தது, ஓடியது. இப்போது பார்த்தாலும் காட்சிக்குக் காட்சி குரல் மாறுவது காதில் விழும். தெளிவில்லாத அந்தச் சொற்களைக் கேட்டுத்தான் கொட்டகையில் அழுதார்கள். உயிரோடு திரும்பி வந்தவரின் குரல் அது. பிழையை மறைக்கப் போயிருந்தால் படத்தின் உயிரே போயிருக்கும். பார்வையாளன் எதற்காக டிக்கெட் வாங்குகிறான் என்பது தெரிந்தவர்கள் எடுத்த முடிவு.

1971இல் 'ரிக்‌ஷாக்காரன்'. மஞ்சுளா கதாநாயகியாக அறிமுகமானார். எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே வண்டியை வட்டமடித்துக்கொண்டு கம்பு சுற்றுகிற சண்டைக் காட்சி ஒன்று அதில் இருக்கிறது. ரிக்‌ஷா மிதிக்கிறவனின் கால் பலத்தையே வீரமாக மாற்றிய காட்சி. மெட்ராஸ் தெருவில் நாள் முழுக்க வண்டி மிதித்துவிட்டு இரவுக் காட்சிக்கு வருகிறவன் தன் உடம்பையே திரையில் பார்த்தான்.

'இதயக்கனி'க்குப் பிறகு எம்.ஜி.ஆர். கோட்டைக்குப் போனார், 1977இல் வீரப்பனும் அமைச்சரானார். அவரிடம் செய்தித் துறையும் அறநிலையத் துறையும் இருந்தன. கம்பெனிக்கு இது நெருக்கடி. ஒரே நாயகனை நம்பி எழுந்த நிறுவனம், அந்த நாயகன் நடிப்பை விட்டதும் என்ன செய்யும்? பெரும்பாலானவை மூடிக்கொள்ளும். சத்யா மூவிஸ் ரஜினிகாந்திடமும் கமல்ஹாசனிடமும் போனது. 1981இல் 'ராணுவ வீரன்', 1982இல் 'மூன்று முகம்', 1983இல் 'தங்க மகன்', 1985இல் 'காக்கி சட்டை', 1987இல் 'காதல் பரிசு', 'ஊர்க்காவலன்', 1990இல் 'பணக்காரன்'. நாயகன் மாறினாலும் கையாள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 'இதயக்கனி'யை இயக்கிய ஏ.ஜெகந்நாதன்தான் 'மூன்று முகம்', 'தங்க மகன்', 'காதல் பரிசு' மூன்றையும் இயக்கினார். ஒரு கம்பெனியின் கைப்பக்குவம் இயக்குநர் வழியாகத்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சொன்ன நாளில், சொன்ன அடிக்குள் முடித்துத் தருகிற இயக்குநரைக் கண்டுபிடித்தால் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய தயாரிப்பாளர்களின் பாடம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. செய்தித் துறை அமைச்சரின் நிறுவனம் வணிகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது சரியல்ல. தணிக்கை மத்திய அரசிடம் இருக்கிறது, அதில் மாநில அமைச்சருக்கு வேலையில்லை. ஆனால் கேளிக்கை வரி, கொட்டகை உரிமம், மாநிலத் திரைப்பட விருது எல்லாம் அரசின் கையில். அமைச்சர் எதிலும் விரலே வைக்கவில்லை என்றாலும், ஏரியா பேச வருகிற விநியோகஸ்தருக்கும் கால்ஷீட் கேட்கப்படுகிற நடிகருக்கும் எதிரில் இருப்பவர் யார் என்று தெரியும். அந்தப் பேரத்தில் சமம் கிடையாது. அன்றைக்கு எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, பெரிதாகக் கேட்டவர்களும் இல்லை. அறநிலையத் துறையில் அவருக்கு வந்த சோதனை வேறு. 1980இல் திருச்செந்தூர்க் கோயிலில் அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை இறந்துகிடந்தார். நீதிபதி பால் தலைமையிலான கமிஷன் விசாரித்தது. கருணாநிதி 1982இல் மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு நீதி கேட்டு நடந்தார். எதிர்க்கட்சியின் விரல் துறை அமைச்சரை நோக்கியே நீண்டது.

1984 தேர்தலில்தான் தயாரிப்பாளரும் அரசியல்வாதியும் முழுதாக ஒன்றானார்கள். அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் சேர்க்கப்பட்டு, நவம்பரில் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பர் 24ஆம் தேதி வாக்குப்பதிவு. வேட்பாளர் ஊரில் இல்லை, வர முடியாது, பேசவும் முடியாது. உயிரோடு இல்லை என்ற வதந்தி வேறு. மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் சிரிப்பதையும் படம்பிடித்து, பிரதி எடுத்து, தமிழ்நாடு முழுக்கத் திரையிட்டார்கள். அந்தப் பிரசார வேலையில் முன்நின்றவர் வீரப்பன்.

சினிமாக்காரர் கண்ணோடு பார்த்தால் இது 'காவல்காரன்' தீர்வேதான். பதினேழு வருஷத்துக்கு முன் குரல் உடைந்திருந்தது, இப்போது குரலே இல்லை. மக்களுக்கு வேண்டியது பேச்சல்ல, ஆள் இருக்கிறார் என்ற காட்சி. வேலையும் அதே வேலைதான்: பிரதிகள் எத்தனை, எந்த ஊருக்கு எந்த நாள், எந்தப் பெட்டி எங்கிருந்து எங்கே மாற வேண்டும். ஏரியா வரைபடமும் மன்றப் பதிவேடும் கையிலிருந்தவர்களுக்கு அது புதுசல்ல. ஆண்டிபட்டியில் காலே வைக்காமல் எம்.ஜி.ஆர். ஜெயித்தார்.

1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது இந்த முறையின் எல்லையும் தெரிந்தது. ஜானகி அம்மாளை முதல்வராக்க முன்நின்றவர் வீரப்பன். 97 சட்டமன்ற உறுப்பினர்கள் ஜானகி பக்கம். எண்ணிக்கை கையில் இருந்தது. 1988 ஜனவரி 7இல் பதவியேற்பு, 28இல் சட்டமன்றத்தில் அடிதடியோடு நம்பிக்கை வாக்கெடுப்பு, 30இல் ஆட்சி கலைப்பு. அடுத்த வருஷத் தேர்தலில் ஜானகி அணிக்கு ஓரிரு இடமே, ஜெயலலிதா அணிக்கு 27. எல்லா ஏரியாவும் விற்றுத் தீர்ந்து, விநியோகஸ்தர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட படத்துக்கு முதல் காட்சியில் ஆளில்லை என்றால் என்ன செய்ய முடியும்? டி.சி.ஆர். படிக்கத் தெரிந்த மனிதர், அந்த ஒரு தடவை விநியோகஸ்தர் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டார். கூட்டம் எந்த முகத்தைப் பார்க்க வந்து நிற்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

எதிர்த்தவரின் அமைச்சரவையிலேயே பிறகு அமைச்சராக இருந்தார். 1967இலும் 1968இலும் அவர் படங்களில் கதாநாயகியாக நடித்தவர்தான் முதல்வர் ஜெயலலிதா. அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1995 ஜனவரி 12ஆம் தேதி, பொங்கலை ஒட்டி, 'பாட்ஷா' வந்தது. சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், பாலகுமாரன் வசனம், தேவா இசை. 1971இல் ரிக்‌ஷா, 1995இல் ஆட்டோ. மெட்ராஸ் தெருவில் வண்டி மாறியிருந்தது, ஓட்டுகிறவன் மாறவில்லை. சத்யா மூவிஸுக்கு அந்த மனிதனைத் தெரியும்.

அந்தப் படத்தில் மாணிக்கத்தை விளக்குக் கம்பத்தில் கட்டி ஆனந்தராஜ் அடிக்கும் காட்சிக்கு வீரப்பன் தயங்கினார் என்பதை இயக்குநர் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். ரஜினி திருப்பி அடிக்காமல் அடி வாங்குவதை ரசிகன் தாங்குவானா என்பதே கேள்வி. நியாயமான பயம். முதல் நாள் முதல் காட்சியில் ரசிகன் திரையைக் கிழித்துவிட்டால் சேதி மாலைக்குள் ஏரியா முழுக்கப் பரவிவிடும். நாடகக் காலத்திலிருந்து கூட்டத்தின் கோபத்தைப் பார்த்தவருக்கு அந்த எச்சரிக்கை ரத்தத்தில் ஊறியது. ஆனால் அந்த அடி இல்லாமல் இடைவேளைக்கு முந்தைய வெடிப்பு இல்லை. கீழே எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுதான் மேலே எழும்பும். காட்சி இருந்தது. தயாரிப்பாளர் கேள்வி கேட்டார், பதில் கிடைத்ததும் வழிவிட்டார். பணம் போட்டவன் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று நிற்காத தயாரிப்பாளர் எந்த மொழியிலும் அரிது.

படம் வெள்ளிவிழா கண்டது. அந்த விழா நடந்தது, இயக்குநர் மணிரத்னம் வீட்டில் 1995 ஜூலையில் குண்டு வீசப்பட்டதை ஒட்டிய நாட்களில். ரஜினிகாந்த் மேடையில் வெடிகுண்டுக் கலாசாரம் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அரசை நேராகத் தொட்ட பேச்சு. அதே மேடையில் அமைச்சரும் தயாரிப்பாளருமான வீரப்பன் அமர்ந்திருந்தார், மறுத்துப் பேசவில்லை. பதவி போனது, கட்சியும் போனது. விழா நாயகன் பேசும்போது குறுக்கிடுவது தயாரிப்பாளருக்கு மரபில்லை. முதல்வரைக் குறைசொல்லும்போது சும்மா இருப்பது அமைச்சருக்கு மரபில்லை. இரண்டு நாற்காலியில் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருந்தவர் அன்றைக்கு எதை விட்டிருக்க வேண்டும் என்று கேட்டால், இரண்டையும் ஆரம்பத்திலேயே ஒன்றாக வைத்திருக்கக் கூடாது என்பதே என் பதில். ஆனால் அந்த மேடையில் அவர் மௌனமாக இருந்தது சரிதான் என்றும் தோன்றுகிறது.

எம்.ஜி.ஆர். கழகம் என்று தனிக் கட்சி தொடங்கினார். அது வளரவில்லை. கடைசிக் காலம் பெரும்பாலும் ஆழ்வார்கள் ஆய்வு மையத்திலும் கம்பன் கழகத்திலும் கழிந்தது. ஈரோட்டில் பெரியாரிடம் தொடங்கியவர் பாசுரத்தில் வந்து நின்றதைச் சிலர் சறுக்கல் என்றார்கள். அவர் ஒளித்துச் செய்யவில்லை, ஊரறியச் செய்தார். 2024 ஏப்ரல் 9ஆம் தேதி, 97 வயதில் காலமானார்.

படத் தொழிலில் கடைசியில் மிஞ்சுவது நெகடிவ்தான். ஏரியா உரிமை வருஷக் கணக்கில் முடிந்து திரும்பி வரும், பிரதி தேய்ந்து கோடு விழும். பணமுடையில் நெகடிவ் உரிமையையே விற்றுவிட்ட பழைய தயாரிப்பாளர்கள் பலர், தொலைக்காட்சி வந்தபோது தங்கள் படத்தையே வேறொருவர் விற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பாட்ஷா'வை 2017இல் டிஜிட்டலாகப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். நெகடிவைத் துடைத்து, ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் எடுத்து, கீறலை அழித்து, ஒலியைப் புதிதாகக் கலந்து செய்கிற வேலை அது. இந்தத் தடவை தகரப் பெட்டி எதுவும் எந்த லாரியிலும் ஏறவில்லை. ஆட்டோக்காரன் பாட்டுக்குத் திரைக்கு முன்னால் ஆட இளைஞர்கள் வந்திருந்தார்கள், அவர்களில் பலர் 1995இல் பிறந்திருக்கவே மாட்டார்கள்.